எல்லார் மாவும் வந்தன: போர்க்குதிரைகளின் அருகே நின்ற பொழுதுகள்

வெள்ளவத்தையிலிருந்து, ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர்:

மகா அலெக்சாந்தரின் கதையை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் சொல்லி வந்தவன் நான். ஆனால் அந்தக் கதையின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்பதை நான் கண்ணால் கண்டது, ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கழித்து, காலிமுகத்திடலில்தான்.

பேரனுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு, இறால் வடை விற்கும் வண்டிகளுக்குச் சற்றுத் தள்ளிப் புற்றரையில் நின்றுகொண்டிருந்தேன். பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பொலிஸ் குதிரைப்படைப் பிரிவினர் இருவர் தம் குதிரைகளை நடைபோட விட்டு எங்கள் பக்கமாக வந்தார்கள். பின்னால் வந்த குதிரை இளையது. அதன் தவிட்டு நிற உடல் வியர்வையில் மினுங்கியது. யாரோ ஏற்றிய பெரிய பட்டமொன்றின் நிழல் புல்லின்மேல் வழுக்கி வந்து அதன் முன்னங்கால்களுக்கு இடையே புகுந்ததுதான் தாமதம், அது மூக்கு விடைக்கப் பெருமூச்செறிந்து, இரண்டு காதுகளையும் விறைத்துக்கொண்டு பக்கவாட்டில் துள்ளியது. சனங்கள் சிதறி ஓடினார்கள். மேலிருந்தவரோ சவுக்கைத் தொடவில்லை; கடிவாளத்தை வெட்டி இழுக்கவும் இல்லை. ஒரு வாரை இளக விட்டு, மறு வாரை மெல்ல வாங்கி, குதிரையின் முகத்தைக் கடலுக்கு நேராகத் திருப்பினார். இறங்குவெயில் அதன் முகத்தில் விழ, நிழல்கள் எல்லாம் அதன் முதுகுக்குப் பின்னால் போயின. அரை நிமிடத்தில் அது தலையைத் தாழ்த்திப் புல்லை முகர்ந்தது.

அலெக்சாந்தர் சிறுவனாக இருந்தபோது செய்தது இதுவே அல்லவா என்று எனக்கு மெய்சிலிர்த்தது. தெசாலி நாட்டவனான பிலோனிக்கஸ் என்பவன் பிலிப்பு மன்னனிடம் 13 தாலந்து விலை சொல்லிக் கொண்டுவந்த புசெபலஸ் என்னும் குதிரையை அங்கிருந்த எவராலும் அடக்க முடியவில்லை என்றும், அது தன் நிழலைக் கண்டே மிரளுகிறது என்பதைக் கண்டுகொண்ட மன்னன் மகன், அதனைச் சூரியனுக்கு நேரே திருப்பித் தட்டிக்கொடுத்துப் பின்பு ஏறிக்கொண்டான் என்றும், அலெக்சாந்தருக்கு ஏறத்தாழ 400 ஆண்டுகள் பிந்தி வாழ்ந்த புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். ஒரு தாலந்து ஏறக்குறைய 26 கிலோகிராம் வெள்ளி என்று கொண்டால், அந்த ஒற்றைக் குதிரையின் விலை 300 கிலோகிராமுக்கு மேற்பட்ட வெள்ளியாகும். வகுப்பில் இதனை அரசகுமாரன் ஒருவனின் துணிச்சலுக்கு எடுத்துக்காட்டாகவே சொல்லி வந்தேன். அப்படிச் சொன்னது பிழையென்று இப்போது படுகிறது. பெரியவர்கள் எல்லாரும் குதிரையையே பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளை ஒருவன்தான் குதிரை எதைப் பார்க்கிறது என்று பார்த்தான்.

அனுமதி கேட்டு, அந்தத் தவிட்டுக் குதிரையின் கழுத்தில் உள்ளங்கையை வைத்தேன். நான் நினைத்திருந்ததைவிட அது சூடாக இருந்தது. தோலுக்குக் கீழே தசை சிறு சிறு அலையாக நடுங்கி ஓய்ந்தது. என் கை அங்கே இருந்தவரை அதன் ஒரு காது என் பக்கமே திரும்பியிருந்தது. இத்தகைய ஓர் உயிரின்மேல் அமர்ந்துதான் அந்த மனிதன் மக்கெடோனியாவிலிருந்து ஜீலம் ஆறு வரை வந்தான். கி.மு. 326இல் போரஸ் மன்னனுடன் நடந்த போரை அடுத்துப் புசெபலஸ் இறந்தது. போரிற் பட்ட காயத்தால் என்பார் சிலர்; ஏறத்தாழ 30 வயதை எட்டிய முதுமையால் என்பார் வேறு சிலர். ஆற்றங்கரையில் அதன் பெயரால் ஒரு நகரை எழுப்பிவிட்டே அலெக்சாந்தர் மேலே நடந்தான்.

நம் பழந்தமிழர் இந்த நெருக்கத்தை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனவர்கள். வள்ளல்களான மலையமான் காரியும் வல்வில் ஓரியும் பொருததைக் குறிக்கும் சிறுபாணாற்றுப்படை, ‘காரிக் குதிரைக் காரியொடு மலைந்த ஓரிக் குதிரை ஓரியும்’ என்று சொல்கிறது. ஏறியவன் பெயரும் காரி, ஏறப்பட்டதன் பெயரும் காரி, அவ்வாறே ஓரியும். எவர் பெயர் எவருக்கு வந்தது என்று பிரித்துப் பார்க்கும் தேவை அந்தப் புலவருக்கு இருக்கவில்லை.

போர்க்குதிரை ஒன்றையோ, அதன் நினைவிடத்தையோ, பெயரே இல்லாத குதிரை ஒன்றையோ அருகே நின்று பார்த்தவர்கள் தாம் கண்டதை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பம்பலப்பிட்டியிலிருந்து, இயன்முறை மருத்துவர்:

ஐயா, இலண்டனில் செல்சி பகுதியிலுள்ள தேசிய இராணுவ நூதனசாலைக்குச் சித்தப்பா குடும்பத்தினருடன் போயிருந்தபோது, நெப்போலியனின் குதிரை என்று சொல்லப்படும் மரெங்கோவின் எலும்புக்கூட்டைப் பார்த்தேன். ஆல்ப்ஸ் மலையின்மேல், மேலங்கி காற்றிற் பறக்க, இரு கால்களில் எழுந்து நிற்கும் குதிரைமீது நெப்போலியன் அமர்ந்திருக்கும் ஓவியத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்து வளர்ந்தவள் நான். 1800இல் அவர் அந்த மலையைக் கடந்தது கோவேறு கழுதையில் என்பது பின்னாளில்தான் தெரிந்தது. ஆகவே, மரெங்கோவும் மாபெரும் உருவமாக இருக்கும் என்ற எண்ணத்தோடுதான் கூடத்துக்குள் நுழைந்தேன். அது ஒரு சிறிய அரபுக் குதிரை. தோள்மேடு வரை அதன் உயரம் ஏறக்குறைய 145 சென்ரிமீற்றர். என் நாடியளவுகூட வரவில்லை.

தொழிற்பழக்கத்தால் என் கண் முதலிற் போனது தோளுக்கு. குதிரைக்குக் காறையெலும்பு கிடையாது. முன்னங்கால்கள் உடலோடு எந்த எலும்பு மூட்டாலும் இணைவதில்லை. கழுத்திலிருந்தும் விலாவிலிருந்தும் இறங்கும் தசைகளே நெஞ்சுக்கூட்டை இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே தொட்டில் போல ஏந்தி வைத்திருக்கின்றன. ஒருவர் சேணத்தில் ஏறி அமரும்போது, சேணமும் ஆயுதமுமாகச் சேரும் அவருடைய பாரத்தில் பெரும்பங்கு அந்தத் தசைத்தொட்டிலில்தான் போய் விழுகிறது. நோயாளிகளின் தோள்வலியோடு நாள் முழுவதும் மல்லுக்கட்டும் எனக்கு, அந்த எலும்புகளுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தைப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. தாங்கிய தசைகள் எல்லாம் போய்விட்டிருந்தன, கம்பிகள்தான் தாங்கிக்கொண்டிருந்தன.

அதன் குளம்பு ஒன்று மூக்குப்பொடிச் சிமிழாக்கப்பட்டுப் பிரித்தானியக் காவற்படை அதிகாரிகளுக்குக் கொடுக்கப்பட்டது என்பதை அன்றுதான் அறிந்தேன். வென்றவர்கள் செய்யும் காரியங்களுள் இதனை என்னால் ஏற்கவே முடியவில்லை. நெப்போலியன் இறுதியாகத் தோற்று, மரெங்கோ பிரித்தானியரிடம் பிடிபட்டதாகச் சொல்லப்படும் அதே வாட்டர்லூக் களத்தில், 1815 ஜூன் 18 அன்று, பிரித்தானியத் தளபதி வெலிங்டன் பிரபு கோப்பன்ஹேகன் என்ற தம் செந்நிறக் குதிரையில் பகல் முழுவதும் இருந்தார். இரவில் இறங்கி, நன்றியோடு அதன் பின்புறத்தைத் தட்டிக்கொடுத்தபோது, அது எட்டி உதைத்த உதை அவரை மயிரிழையில் தவறியதாம். பீரங்கிக் குண்டுகளுக்குத் தப்பியவரை அவருடைய குதிரையே கொன்றிருக்கக்கூடும். நாள் முழுவதும் ஒரு மனிதரின் பாரத்தை ஏந்திய தசைகள் எப்படி வலித்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த உதையில் நான் குற்றம் காணமாட்டேன். வெலிங்டனும் காணவில்லை. 1836இல் அது இறந்தபோது இராணுவ மரியாதையோடு தம் பண்ணையிலேயே அடக்கம் செய்வித்தார்.

மருதானையிலிருந்து, பல்கலைக்கழக மாணவர்:

அக்கா குறிப்பிட்ட அந்த ஜூன் 18, நான் நின்ற ஓர் இடத்துக்கும் உரிய நாள். 1576 ஜூன் 18 அன்று, மேவாரின் மகாராணா பிரதாப்புக்கும் அக்பரின் படையை நடத்திவந்த ராஜா மான்சிங்குக்கும் ஹல்திகாட்டிக் கணவாயில் போர் நடந்தது. ஹல்தி என்றால் மஞ்சள். உதய்ப்பூரிலிருந்து போன சுற்றுலாவில் அங்கே இறங்கியபோது, வெட்டுண்ட பாறையோரத்து மண்ணைக் கையில் எடுத்துக் கசக்கிப் பார்த்தேன். அம்மா அம்மியில் அரைத்த மஞ்சளின் கறை போலவே விரல்களில் ஒட்டிக்கொண்டது. சேத்தக் என்னும் பிரதாப்பின் குதிரை மான்சிங்கின் யானைமேல் முன்னங்கால்களைத் தூக்கி வைத்ததும், யானையின் துதிக்கையில் கட்டியிருந்த வாளால் கால் அறுபட்டதும், அந்தக் காலோடு பிரதாப்பைச் சுமந்து ஓடை ஒன்றைத் தாண்டி, மறுகரையில் விழுந்து உயிர்விட்டதும் அந்த ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. கல்லறை மேடையருகே வயதான பெண் ஒருவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கும்பிட்டார். அரசனுக்காக அல்லாமல் குதிரைக்காகச் செருப்பைக் கழற்றியவரை நான் அதற்கு முன் கண்டதில்லை, நானும் கழற்றினேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து, நெடுந்தீவைப் பிறப்பிடமாகக் கொண்டவர்:

எங்கள் ஊர்க் குதிரைகளில் எந்தத் தளபதியும் ஏறிப் புகழ் பெற்றதில்லை. ஆயினும் ஆசிரியர் ஐயா பெயரில்லாத குதிரைகளையும் கேட்டிருக்கிறார், அதனால் எழுதுகிறேன்.

போர்த்துக்கேயர் விட்டுப்போனவற்றின் வழிவந்தவை என்றும், ஒல்லாந்தர் அவற்றைப் பெருக்கி வளர்த்தார்கள் என்றும் சொல்லப்படும் குதிரைகள் நெடுந்தீவில் இன்றும் கட்டாக்காலியாகத் திரிகின்றன. முருகைக்கல்லால் கட்டிய லாயத்தின் தூண்கள் கூரையின்றி நிற்கின்றன. அந்தக் குதிரைகள் உருவத்தில் சிறியவை, பிடரி மயிரில் உப்புக்காற்றுப் படிந்து சடைபிடித்திருக்கும். கோடையில் குளங்குட்டைகள் வற்றி வெடிக்கும்போது அவை கிணறுகளைத் தேடி வரும். சிறுவயதில் அப்பு பனையோலைப் பட்டையால் நீர் அள்ளித் தொட்டியில் ஊற்றிவிட்டு, “நீ தள்ளி நில், அது வெட்கப்படும்” என்று என்னை வேலிக்குப் பின்னால் அனுப்புவார். பெட்டைக்குதிரை ஒன்று குட்டியை முதலிற் குடிக்க விட்டு, தான் நாற்புறமும் பார்த்து நின்றது. குட்டி வாயெடுத்த பின் தொட்டியில் எஞ்சியிருந்தது அடிநீர். அப்பு மறுபடியும் பட்டையை இறக்கினார். ஊருக்கே நீர் அளவாகக் கிடைத்த மாதம் அது.

கடல்வழியே இங்கு குதிரை வந்த கதை போர்த்துக்கேயருக்கு மிக முந்தியது. குதிரை கொண்டுவந்த ஒருவனின் மக்களான சேனன், குத்திகன் என்ற தமிழர் இருவர் அநுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் நீதியோடு ஆண்டதாக மகாவம்சம் கூறுகிறது. கொண்டுவருவது ஒன்று, பேணுவது வேறொன்று. பாண்டிய நாட்டுச் சகோதர அரசர் ஐவரும் ஆளுக்கு ஆண்டுதோறும் 2000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமையால் ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சுவதில்லை என்று மார்க்கோ போலோ எழுதினார். அந்தக் கணக்கைப் படித்த அன்று அப்புவின் பட்டையை நினைத்துக்கொண்டேன்.

வெள்ளவத்தையிலிருந்து, ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர்:

மூவருக்கும் நன்றி. தங்கச்சி எழுதிய தசைத்தொட்டிலையும், அண்ணா எழுதிய தொட்டி நீரையும் படித்த பிறகு, நம் கொழும்புத் துறைமுகத்தோடு தொடர்புடைய ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலாம் உலகப்போரின்போது, 1914 நவம்பர் 15 அன்று, அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினரை ஏற்றிய முதலாவது கப்பல் தொடரணி கொழும்பை வந்தடைந்தது. அதற்கு ஆறு நாள் முன்னர் கொக்கோஸ் தீவருகே எம்டன் என்ற ஜேர்மன் போர்க்கப்பலை அழித்த, அவுஸ்திரேலியாவின் சிட்னி போர்க்கப்பலும் காயமுற்ற கைதிகளோடு இங்கு வந்தது. அவர்களை மதித்து யாரும் ஆரவாரம் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்பட்டதால், படையினர் அமைதியாக நின்று பார்த்தார்கள். எம்டனைப் பற்றிப் பேசுவோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அந்தத் தொடரணியின் கப்பல்களில், குறுகிய கொட்டில்களில், எகிப்துக்குப் போய்ச் சேரும்வரை ஒரு மாதத்துக்கு மேல் நின்றபடியே வந்த ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பற்றி எவரும் பேசிக் கேட்டதில்லை.

அந்த அவுஸ்திரேலியப் படையின் தளபதியாகிய மேஜர் ஜெனரல் பிரிட்ஜஸ் அப்போது இவ்வழியே சென்றவர். 1915 மே மாதம் துருக்கியின் கலிப்போலியில் மறைந்திருந்து சுட்டவன் ஒருவனின் குண்டு பட்டு, மூன்று நாளில் இறந்தார். சாண்டி என்ற அவருடைய குதிரை அதன் பின் எகிப்துக்கும் பிரான்சுக்கும் போய், 1918 நவம்பரில் மெல்பேர்ணை வந்தடைந்தது. அந்தப் போருக்காக அவுஸ்திரேலியாவிலிருந்து கடல் கடந்த குதிரைகள் ஏறத்தாழ 136,000. நாடு திரும்பியது சாண்டி ஒன்றுதான். நோய்த் தடுப்பு விதிகளாலும் கப்பற் செலவாலும் ஏனையவற்றை அங்கேயே விட்டார்கள். பல இந்தியப் படைக்குப் போயின. முதியனவும் நோயுற்றனவும் சுடப்பட்டன.

புறநானூற்றின் 273ஆம் பாடலில், எருமை வெளியனார் ஒரு வீரன் மனைவியின் குரலில் பாடுகிறார்: ‘மா வாராதே, மா வாராதே, எல்லார் மாவும் வந்தன’. எல்லார் குதிரையும் திரும்பிவிட்டன, புல்லிய உளை (பிடரி மயிர்) போன்ற குடுமியுடைய மகனைத் தந்தவன் ஏறிப்போன குதிரை மட்டும் வரவில்லை என்று அவள் வாசலில் நிற்கிறாள். ஆண்டுதோறும் இதனைக் கற்பித்த தமிழாசிரிய நண்பரும் நானும், அவள் காத்திருந்தது கணவனுக்காக என்றே பேசுவோம். அவள் வாயிலிருந்து வந்த சொல்லோ ‘மா’. இரண்டு பேராறுகள் கூடும் இடத்தில் குறுக்கே கிடந்து வெள்ளத்தை மறித்த பெருமரம் போல அந்தக் குதிரை வீழ்ந்ததோ என்றுதான் அவள் கேட்கிறாள். 1914இல் இந்தத் துறைமுகத்தைக் கடந்து போனவற்றுக்கு அந்தப் பாட்டைத் தலைகீழாகத்தான் பாட வேண்டும்.

சென்ற சனிக்கிழமை மீண்டும் காலிமுகத்திடலுக்குப் போனேன். அந்தத் தவிட்டுக் குதிரை இப்போது பட்டங்களுக்கு மிரளுவதில்லை. விளக்குகள் எரியத் தொடங்கியதும், இருவரும் குதிரைகளைத் திருப்பிச் சாலையோரமாக நடத்திக்கொண்டு போனார்கள். தாரில் இலாடம் படும் ஒலி, பஸ்களின் இரைச்சலுக்கு நடுவே வெகுநேரம் கேட்டது. இரண்டும் லாயத்துப் பக்கம் திரும்பும்வரை பார்த்து நின்ற பிறகே பேரனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.