செத்த வீட்டில் ஜெபம்: சொல்ல வேண்டியதும் விட வேண்டியதும்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது செத்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். அப்படியொரு வீட்டுக்கு ஜெபிக்கப் போகிறவர்கள் பிழை விடுவது முதல் பத்து நிமிடத்தில். இருந்த கையோடு ரோமர் 8:28ஐ எடுப்பார்கள். பிள்ளையின் படத்துக்கு முன்னால் ‘சகலமும் நன்மைக்கு’ என்று வாசித்தால், தாயின் காதில் ‘உன் பிள்ளை செத்தது நல்லதுக்கு’ என்றுதான் விழும். வசனம் பிழையில்லை, நேரம் பிழை.

மூன்று பேருக்கு மேல் போக வேண்டாம். போதகரோடு அந்த வீட்டுக்குப் பழக்கமான ஓர் அக்கா போதும். கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் அப்படி இருந்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. பிறகு சங்கீதம் 13, ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் ‘எதுவரைக்கும்’ நாலு தரம் வரும். ஒவ்வொன்றுக்கும் நிறுத்துங்கள்; அழுகை அங்கேதான் உடையும். ஐந்தாம் வசனத்தில் நம்பிக்கைக்குத் திரும்பும். வீட்டுக்காரருக்கு அது வாயில் வராவிட்டால் வந்தவர்கள் சொல்லட்டும். அதுவும் முடியாத வீட்டில் 88ஐ வாசியுங்கள். கடைசி வரி வரை இருட்டாகவே முடிகிற சங்கீதம் அது.

*

இதோடு சத்தத்தையும் சேர்க்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் உரத்து ஜெபிப்பது நம் சபைகளில் பழக்கம்தான். குண்டுக்குத் தப்பியவருக்கு அந்த இரைச்சல் வேறு. ஒருவர் மட்டும், தாழ்ந்த குரலில். கதவைச் சாத்தாதீர்கள், வாசல் தெரிகிற பக்கம் அவரை இருத்துங்கள். கண்ணை மூடச் சொல்லாதீர்கள், மூடினால் குண்டு வெடித்த அந்தக் காலைநேரம்தான் வரும். கை வைக்க முன் கேளுங்கள். குண்டுச் சிதறல் ஏறிய இடத்தில் பட்டால் நோகும்.

ஆராதனையில் ‘கர்த்தர் என்னைக் காத்தார்’ என்ற சாட்சியைச் சில மாதம் தள்ளிப்போடலாம். பிள்ளையைப் பறிகொடுத்தவர் பக்கத்து வாங்கில் இருக்கிறார்.

ஒரு மாதம் கடந்தும் நித்திரை இல்லையென்றால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்பவரை அந்த வீட்டுப் படி ஏற விடாதீர்கள்.

*

‘மன்னிச்சிட்டன் எண்டு சொல்லுங்கோ’ என்று யாருடைய வாயிலும் திணிக்கக் கூடாது. சிலுவையில் இயேசுவே அந்த மன்னிப்பைப் பிதாவிடம்தான் கேட்டார். சபை அப்படிக் கேட்கலாம். வீட்டுக்காரர் ஆமென் சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பொது ஜெபத்தை எழுதிவைத்து வாசியுங்கள். வாய்க்கு வந்தபடி ஜெபித்தால் ‘தாக்கியவர்கள்’ என்பது ஒரு சமூகத்தின் பெயராக மாறிவிடும். அந்த மே மாதமே குளியாப்பிட்டி, மினுவாங்கொடைப் பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

நீதியையும் ஜெபத்தில் பெயர் சொல்லிக் கேளுங்கள், நீதி கேட்டு நியாயாதிபதியை விடாமல் நச்சரித்த லூக்கா 18இன் விதவை மாதிரி. அமைதி காக்கச் சொன்ன கர்தினால் மல்கம் ரஞ்சித்தான் விசாரணையையும் விடாமல் கேட்டார். தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட 2023 ஜனவரி 12 ஆயிற்று.

*

ஒன்று விடுபட்டது. இந்த வீடுகளுக்கு ஆண்டு நினைவு இரண்டு தரம் வரும். உயிர்த்த ஞாயிறு 2024இல் மார்ச் 31, 2025இல் ஏப்ரல் 20. ஏப்ரல் 21 தனி. இரண்டுக்கும் போங்கள். பிள்ளையின் பிறந்தநாளையும் குறித்துவையுங்கள். ஜெபத்தில் ‘அந்தப் பிள்ளை’ வேண்டாம், பெயரைச் சொல்லுங்கள்.