தோல் கிடங்குக் கணக்கு நிரலின் வேகத்தைக் கூட்ட ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கும் நான், ஆம்பூரில் உள்ள ஒரு தோல் கிடங்குக்காகப் பைத்தானில் இருப்புக் கணக்கு நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் சுமார் 4 லட்சம் பதிவுகள் சேர்ந்துவிட்டதால், மாத இறுதி அறிக்கை எடுக்க 35 நிமிடங்கள் ஆயின.

நிரலின் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் சிபுரொஃபைல் கருவியைக் கொண்டு அளந்தபோது, நான் சந்தேகித்த கூட்டல் பகுதி அன்று, ஒவ்வொரு ரசீதின் எண்ணும் ஏற்கெனவே வந்துவிட்டதா என்று லிஸ்டில் தேடும் ஒரே வரிதான் நேரத்தின் பெரும்பகுதியைத் தின்கிறது என்று தெரிந்தது. லிஸ்டில் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டியிருப்பதால் அதை, ஒவ்வொன்றாக ஒப்பிடாமல் நேரடியாகத் தேட உதவும் செட்டாக மாற்றினேன். 9 நிமிடங்களாகக் குறைந்தது. (அளக்காமலேயே இரண்டு வாரம் கூட்டல் பகுதியைத் திருத்திக்கொண்டிருந்தது என் மடமை.)

மீதி நேரம் தேதிவாரியான வினவலில் போகிறது. தேதிக்கு இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் வரிசைப் பட்டியல்) அமைத்திருந்தும், வினவல் எப்படி இயங்கும் என்று காட்டும் எக்ஸ்பிளெயின் குவெரி பிளான் கட்டளை, அட்டவணை முழுவதையும் ஸ்கேன் செய்வதாகவே காட்டுகிறது. தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுத்துச் சரமாகச் சேமித்து, சரத்தின் ஒரு பகுதியை வெட்டித் தரும் சப்ஸ்டர் மூலம் மாதத்தைப் பிரித்து ஒப்பிடுவதே காரணம் என்று கருதுகிறேன்.

பழைய பதிவுகள் அனைத்தையும் ஆண்டு முதலில் வரும் வடிவத்துக்கு மாற்றி, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என்ற வரம்பு கொடுத்துக் கேட்பது நல்லதா, அல்லது எஸ்கியூலைட் 3.9 முதல் அனுமதிக்கும் முறையில் அந்தச் சப்ஸ்டர் கணக்கீட்டுக்கே இன்டெக்ஸ் அமைத்தால் போதுமா? கிடங்கில் இருப்பது 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய கணினி. புதிது வாங்க முதலாளி இசையமாட்டார். இரண்டையும் செய்து பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.