வெடித்த கோதை மீளப் பயன்படுத்தல்: ‘மீள்கெட்டிப்பு’ பொருந்துமா?

> வெற்றுக் கூட்டை மறுபடி நிரப்புவதை ‘கூடு மறுநிரப்பல்’ என்று வைப்போமா?

வணக்கம் அண்ணை,

விக்சனரி இணைய அகராதியில் ஏற்றும் சொல்லுக்குக் ‘கூடு’ வேண்டாம். எங்கட பக்கத்தில் ரவைக்கூடு என்றால் ரவைகளை அடுக்கித் துவக்கில் மாட்டுகிற பெட்டி. சுட்டபின் வெளியே விழுகிற வெற்றுத் தோட்டா உறைதான் கோது. சண்டைக் காலத்தில் வளவுக்குள் கிடந்ததைப் பொறுக்கிய எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். அந்தச் சொல்லையே எடுப்போம்.

‘மறுநிரப்பல்’ வேலையில் பாதியைத்தான் சொல்கிறது. வெடிக்கும்போது பித்தளைக் கோது விரிந்து துவக்கின் அறைச்சுவரோடு ஒட்டிவிடும். வாய் கருகியிருக்கும், அடியில் ஊசி குத்திய பள்ளம் இருக்கும். மருந்தைப் பற்றவைக்கிற பழைய பொறிமூட்டியைத் தள்ளி எடுத்து, கோதை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் புது மூட்டி, மருந்து, சன்னம் (பாயும் குண்டு) எல்லாம். அதனால் முழு வேலைக்கும் ‘மீள்கெட்டிப்பு’ என்கிறேன். வாய்வழியாக மருந்தை இடித்து நிரப்புகிற இடியன் துவக்குக்கு மருந்து கெட்டிப்பது ஊரில் பழகிய பேச்சு. இடித்து இறுக்குவது என்ற பொருள் வந்துவிடுமே என்று கேட்பீர்கள். சுடத் தயாராக்குவதையும் அந்தச் சொல் குறிக்கும், அது போதும். ரவைக்கூட்டை மாற்றுவதற்கு ‘ரவையேற்றல்’ தனியாக இருக்கட்டும்.

அப்புறம், எல்லாக் கோதும் ஒன்றல்ல. ஊசி அடியின் நடுவில் குத்துவதை ‘நடுவடி’, விளிம்பில் குத்துவதை ‘விளிம்படி’ எனலாம். பொயின்ற் டூ டூ (.22) போன்ற விளிம்படிக் கோதில் பொறிமருந்து விளிம்புக்குள்ளேயே இருக்கிறது, குத்தியதும் விளிம்பு நசுங்கிவிடும். அதனால் அதை வழக்கமாக மீள்கெட்டிப்பதில்லை. நடுவடியில் இரண்டு வகை, இரண்டுமே 1860களில் வந்தவை. பொக்சர் வகையில் பொறி உள்ளே போக நடுவே ஒரு துளை, அடைகல் (ஊசி குத்தும்போது பொறிமருந்தை நசுக்க எதிரே தாங்கி நிற்பது) மூட்டிக்குள் இருக்கும். உள்ளிருந்து ஊசியால் தள்ளினால் பழைய மூட்டி கழன்றுவிடும். பேர்டன் வகையில் அடைகல் கோதோடு சேர்ந்தது, துளைகள் இரண்டு பக்கவாட்டில் இருக்கும். அந்த ஊசி அங்கே உதவாது. ஆகவே ‘ஒருதுளைக் கோது’, ‘இருதுளைக் கோது’ என்றால் பார்த்தவுடனேயே விளங்கும்.

பல சிறு சன்னங்களைச் சிதறச் சுடுகிற சொட்கண் தோட்டாவுக்கு மருந்துக்கும் சன்னங்களுக்கும் நடுவே வைப்பதற்குத் ‘தக்கை’ ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக ஒன்றும் வேண்டாம். அதன் பிளாஸ்ரிக் உடம்பையும் கோது என்றே சொல்லலாமா என்பதில் மட்டும் உங்கள் கருத்து வேண்டும். விக்சனரியில் ஏற்றுமுன் அதைத் தீர்த்துக்கொள்வோம்.