பாத்ரூம் பூசணம்: நம்ம தப்பா, ஓனர் சரி பண்ணணுமா? உங்க அனுபவத்த சொல்லுங்க

வாடகைக்கு வந்த நாலாவது மாசமே பாத்ரூம்ல டைல்ஸ் முடியிற இடத்துக்கு மேல, பெயிண்ட் அடிச்ச சுவத்துல மை தெளிச்ச மாதிரி கருப்புப் புள்ளி. தேச்சுக் கழுவுனா பத்தே நாள்ல அதே இடத்துல திரும்ப வந்துடும். ஓனர்கிட்ட சொன்னா "நீங்க ஈரத்தோட கதவ சாத்தி வச்சா பூசணம் பிடிக்கத்தான் செய்யும், டெபாசிட்ல பிடிச்சுக்குவேன்"னுட்டாரு. நானும் நம்ம தப்புதான்னு நெனச்சு தினம் தண்ணிய இழுத்துவிட்டு, ஜன்னல திறந்துவச்சு, எக்ஸாஸ்ட் ஃபேன அரைமணி நேரம் ஓடவிட்டேன், சீலிங்ல இருந்ததெல்லாம் போயிடுச்சு ஆனா அந்த ஒரு இடம் மட்டும் அப்படியே இருக்கு.

பிளம்பிங் வேலை பாக்குற எங்க மாமாதான் வழி சொன்னாரு. அந்த இடத்த நல்லா தொடச்சு காயவிட்டு அலுமினியம் ஃபாயில நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ரெண்டு நாள் விடணுமாம். ரூம் பக்கம் நீர் கோத்திருந்தா காத்துல இருக்கிற ஈரம், சுவர் பக்கம் நனைஞ்சிருந்தா உள்ளருந்து வர்ற ஈரம். பிரிச்சுப் பாத்தா வெளிப்பக்கம் காஞ்சு கெடக்கு, உள்பக்கம் சொதசொதன்னு, மண்வாடை வேற. தேதியோட போட்டோ எடுத்து அனுப்புனேன். ஆள் வந்து டைல்ஸ உடைச்சா உள்ள பைப் ஜாயின்ட் சொட்டிக்கிட்டே இருந்திருக்கு. முழு செலவும் ஓனரே ஏத்துக்கிட்டாரு.

---

எங்க விஷயத்துல தப்பு எங்க மேலதான். ஃபேன் சத்தம் போடுதுன்னு ஆஃப் பண்ணிட்டு துணியையும் உள்ளயே காயப்போட்டோம். ஈரப்பதம் பாக்குற மீட்டர் வச்சா குளிச்சு ரெண்டு மணி நேரம் ஆகியும் 80 சதவீதத்துக்கு மேல காட்டுச்சு, 60க்கு கீழ இறங்குனாதான் பூசணம் அடங்கும். அதவிட பெரிய தப்பு, கதவோரம் இடுக்க அடைச்சிருந்த சிலிக்கான் பசை விட்டுப்போனத பாத்தும் அஞ்சு மாசம் சொல்லாம இருந்துட்டோம், கதவு நிலை உளுத்துப்போச்சு. அதுல பாதிச் செலவு நாங்க குடுத்தோம், குடுக்க வேண்டியதுதான். கசிவு கண்ணுல பட்ட அன்னைக்கே மெசேஜ்ல எழுதி அனுப்பிடுங்க, வாயால சொன்னது நிக்காது.

---

நான் வீட்ட வாடகைக்கு விட்டிருக்கிறவன். குடியிருக்கிறவங்க சொன்னப்போ பூசணத்து மேலயே ரெண்டு தடவ பெயிண்ட் அடிச்சேன், ரெண்டு தடவயும் உப்பி தோலாட்டம் உரிஞ்சுடுச்சு. அந்த பாத்ரூம்ல ஜன்னலும் இல்ல ஃபேனும் இல்ல, அவங்க எப்படித்தான் காயவைப்பாங்க? அவங்க பிள்ளைக்கு ஏற்கனவே வீசிங் உண்டு, ராத்திரியெல்லாம் இருமுறான்னு கேட்டப்பறம் எனக்கு மனசே ஆறல, அந்த வாரமே ஃபேன் மாட்டி சுவத்த கொத்தி பூசிக் குடுத்தேன். கழுவுறவங்க ஒண்ணு கவனிங்க, ப்ளீச்சையும் ஆசிட்டையும் சேத்து ஊத்திடாதீங்க, குளோரின் வாயு கிளம்பும், சின்ன பாத்ரூம்ல உயிருக்கே ஆபத்து.