"முத்துலட்சுமி பணம் ஏறிடுச்சா நர்ஸம்மா?"

கிராம சுகாதார செவிலியராக 24 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். விழுப்புரம் மாவட்டத்தில் மூன்று துணை சுகாதார நிலையங்களில் இருந்திருக்கிறேன். எந்த ஊருக்குள் போனாலும் கர்ப்பிணிப் பெண்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "நர்ஸம்மா, முத்துலட்சுமி பணம் ஏறிடுச்சா?"

ஃபாரத்தில் அதன் பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 6,000 ரூபாயாக இருந்தபோதும் எழுதினேன், 12,000 ஆனபோதும் எழுதினேன், 18,000 ஆனபோதும் எழுதினேன். பிக்மி நம்பர் (கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுக்கும் எண்) போட்டு, பாஸ்புக் ஜெராக்ஸை வாங்கி, அக்கவுண்ட் நம்பரை விரல் வைத்து இரண்டு தடவை சரிபார்ப்பேன். ஒரு எண் மாறினாலும் பணம் போய்ச் சேராது.

செங்கல் சூளையில் வேலை பார்த்த ஒரு பெண்ணை மறக்கவே முடியாது. ஏழு மாத வயிற்றோடு கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். முதல் தவணை வந்ததும் சப்-சென்டருக்கே வந்து சொன்னாள்: "பாதியை சூளை அட்வான்ஸ்ல கழிச்சிட்டேன் நர்ஸம்மா. மீதிய வச்சிக்கிட்டு ஒரு மாசம் வீட்ல உக்காரப் போறேன்." கையெல்லாம் காய்ப்பு, நகக்கண்ணில் செம்மண். வேலைக்குப் போகாத நாட்களின் கூலிக்கு ஈடாகத்தான் அந்தப் பணமே. அதை அவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னது அவள்தான்.

இத்தனை ஃபாரம் எழுதியும் அந்த முத்துலட்சுமி யார் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. யாரோ பெரிய டாக்டர் என்று மட்டும் தெரியும்.

2014-ல் என் அக்காவுக்கு மார்பில் கட்டி. அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அக்காவை உள்ளே கூப்பிட்ட பிறகு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மனைவியின் சிகிச்சைக்காக வந்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். பேச்சுவாக்கில், "இந்த ஆஸ்பத்திரியே ஒரு அக்கா தன் தங்கச்சிக்காகக் கட்டினதும்மா" என்றார். யார் என்று கேட்டேன். முத்துலட்சுமி ரெட்டி என்றார். என் கையால் ஆயிரம் தடவை எழுதிய பெயர். உடம்பு சிலிர்த்துவிட்டது.

1923-ல் தங்கை சுந்தராம்பாள் புற்றுநோயில் இறந்துபோகிறார். அப்போது முத்துலட்சுமி அம்மா டாக்டர். 1912-லேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்தவர். அப்படியும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1954-ல் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறந்தது. நடுவில் 31 வருஷம்! அக்காவுக்காக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் அந்த 31 வருஷத்தின் கனம் தெரியும்.

வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன். டாக்டர் என்று மட்டும் நினைத்திருந்தவர் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்திருக்கிறார். 1926-ல் சென்னை மாகாண சட்டசபைக்கு நியமனம். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குள் போன முதல் பெண். அவையின் துணைத் தலைவராக அவரையே ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1930-ல் காந்தி கைதானபோது பதவியை விட்டு விலகிவிட்டார். நாலு வருஷம்கூட முழுசாக இல்லை. அதற்குள் என்னென்ன! பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று போராடினார். பெண்ணின் திருமண வயது 16, ஆணுக்கு 21 என்று உயர்த்தச் சொன்னார். நாங்கள் ஃபாரத்தோடு வயதுச் சான்று கேட்கிறோமே, 19 ஆகவில்லை என்றால் இந்தப் பணம் கிடையாது என்கிறோமே, அந்த மாதிரி வாதத்தை அன்றைக்கே அத்தனை ஆண்கள் நடுவில் நின்று பேசியவர் அவர். அடுத்த மாதம் ஃபாரம் எழுத உட்கார்ந்தபோது கை நிதானமாகத்தான் ஓடியது.

அக்கா இப்போது நன்றாக இருக்கிறார்.

*

உங்கள் பதிவைப் படித்துவிட்டுப் புதுக்கோட்டையிலிருந்து எழுதுகிறேன் அம்மா. நான் படித்தது மன்னர் கல்லூரியில். அங்கே சேர்ந்த முதல் மாணவி முத்துலட்சுமி அம்மாதான். பெண்ணைச் சேர்க்கக்கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியும், தொண்டைமான் மன்னர் அனுமதி கொடுத்தார். இன்றைக்கு அந்த வாசலில் பெண்பிள்ளைகள் கூட்டமாகப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒற்றைப் பெண் ஞாபகம் வரும்.

*

வணக்கம் அக்கா. இதுவரை வெளியில் சொன்னதில்லை, உங்கள் பதிவைப் படித்ததும் சொல்லத் தோன்றுகிறது. என் பாட்டியின் அம்மாவுக்குக் கோயிலில் பொட்டுக் கட்டி, தேவதாசியாக விட்டிருந்தார்கள். ஊழியத்துக்காக விட்ட மானிய நிலம் கொஞ்சம் இருந்தது. ஊழியம் செய்தால்தான் நிலம், ஆகவே வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக் கட்டியே ஆகவேண்டும். 1929-ல் முத்துலட்சுமி அம்மா முயற்சியில் வந்த சட்டம் அந்த முடிச்சை அவிழ்த்தது: ஊழியம் வேண்டாம், வரி கட்டிவிட்டு நிலத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்றது. பொட்டுக் கட்டுவதையே தடை செய்யும் சட்டம் வர 1947 ஆனது. ஆனால் எங்கள் வீட்டுக்கு விடிந்தது முதல் சட்டத்தில்தான். என் பாட்டிக்குப் பொட்டுக் கட்டவில்லை, பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். முத்துலட்சுமி அம்மாவின் தாயார் சந்திரம்மாளும் எங்கள் மாதிரிக் குடும்பத்தில் பிறந்தவர் என்று என் அம்மா சொல்லிச் சொல்லியே வளர்த்தாள். அந்த நிலத்தில் இன்னும் ஒரு போகம் உளுந்து போடுகிறோம்.

*

தங்கச்சி, உங்கள் பதிவை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை.

புதுக்கோட்டைத் தம்பிக்கும் நன்றி. தனிச்செய்தியில் மருமகளுக்குப் பணம் வரவில்லை என்று கேட்டவருக்கு: ஆதார், பாஸ்புக் இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் உங்கள் ஊர் நர்ஸம்மாவிடம் பிக்மி நம்பரைச் சொல்லி எந்தத் தவணை நிற்கிறது என்று கேளுங்கள். சங்கடப்பட வேண்டாம், அது உங்கள் உரிமை.

தங்கச்சி, ஒரு விஷயம். ஜூலை 30 முத்துலட்சுமி அம்மா பிறந்தநாள். அதை அரசு மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறார்கள். இந்தத் தடவை எங்கள் பி.எச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையத்தில்) கர்ப்பிணிகளிடம் பத்து நிமிஷம் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் சம்மதித்தால், ஊர் பெயர் எதுவும் சொல்லாமல், அந்த உளுந்து நிலத்தைப் பற்றி அங்கே சொல்லட்டுமா?