எக்செல் மேக்ரோவில் இருந்து வேர்டு மெயில் மெர்ஜ்: எரர், சர்வே எண் காலி

குடவாசல்:
கூட்டுறவு சங்கத்தின் குறுவைக் கடன் தவணை நோட்டீஸ், சுமார் 600 பேருக்கு. பட்டியல் எக்செலில், கடித மாதிரி வேர்டில். மாதிரியைக் கையால் திறந்து மெர்ஜ் செய்தால் (பட்டியலில் உள்ள ஒவ்வொருவர் விவரத்தையும் கடிதத்தில் சேர்த்தால்) ஓடுகிறது. எக்செல் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் நிரல்) வழியாகத் திறந்தால், மெர்ஜை ஓட்டும் ‘எக்ஸிக்யூட்’ வரியில் எரர். கையால் செய்ததிலும் சிலருக்குச் சர்வே எண் காலி. 05-03-2026 என்ற தேதி 3/5/2026 ஆகிறது.

வெண்ணாறு:
கையால் திறக்கும்போது ‘எஸ்க்யூஎல் கட்டளை (பட்டியலில் இருந்து விவரம் எடுக்கும் கட்டளை) ஓடும், தொடரலாமா?’ என்று வேர்டு கேட்கும், நீங்கள் யெஸ் தட்டுவீர்கள். மேக்ரோ திறந்தால் அந்தக் கேள்வியே வராது, டேட்டா சோர்ஸ், அதாவது எக்செல் பட்டியலுடன் உள்ள இணைப்பு, கழன்றுவிடும். அதனால் ‘டாக்குமென்ட்ஸ்.ஓப்பன்’ முடிந்த கையோடு ‘மெயில்மெர்ஜ்.ஓப்பன்டேட்டாசோர்ஸ்’ கொடுத்து, எக்செல் கோப்பின் முழுப் பாதையையும், எந்த ஷீட்டைப் படிக்க வேண்டும் என்று சொல்லும் எஸ்க்யூஎல் செலக்ட் வரியையும் தாருங்கள். ஷீட் பெயருக்குப் பின்னால் $ கட்டாயம்.

மேக்ரோவில் கிரியேட்ஆப்ஜெக்ட் போட்டுத்தான் வேர்டை அழைக்கிறீர்கள் என்றால், ‘டபிள்யூடி’ என்று தொடங்கும் வேர்டின் பெயர்கள் எக்செலுக்குத் தெரியாது. டெஸ்டினேஷனை (கடிதங்கள் எங்கே போக வேண்டும் என்பதை) எண்ணாகவே கொடுங்கள்: 0 புது டாக்குமென்ட், 1 பிரின்டர். சோதனையில் 1 போட்டுவிடாதீர்கள், ஒரு ரீம் பேப்பர் காலி!

கல்லணை:
சர்வே எண் விஷயம் வேறு. வேர்டுக்காக எக்செல் கோப்பைப் படிக்கும் டிரைவர், முதல் 8 வரிகளைப் பார்த்துத்தான் ஒரு நெடுவரிசை எண்ணா எழுத்தா என்று முடிவு கட்டும். மேலே 87, 112 என்று வெறும் எண்களாக இருந்தால், கீழே வரும் 112/2ஏ காணாமல் போகும். பக்கத்தில் =C2&"" என்று (C2 என்பது சர்வே எண் உள்ள செல்) ஒரு நெடுவரிசை போட்டு, அதையே மெர்ஜ் ஃபீல்டாக வையுங்கள். இன்னொன்று: 11/2 என்று அடித்தால் எக்செல் அதைப் பிப்ரவரி 11 ஆக்கிவிடும். அப்படி மாறிய செல்லில் இந்த ஃபார்முலா ஐந்து இலக்க எண்ணைத்தான் தரும். அடிக்கும் முன்பே ஃபார்மேட்டை டெக்ஸ்ட் ஆக்கியிருக்க வேண்டும்; மாறிப்போனதைத் திரும்ப அடிப்பதே பாதுகாப்பு.

தேதிக்கு, வேர்டில் ஆல்ட்+எஃப்9 தட்டி ஃபீல்டின் கடைசியில் \@ சேர்த்து நாள்-மாதம்-வருடம் வடிவம் கொடுங்கள். மாதத்துக்கான எம்எம் பெரிய எழுத்தில். சின்ன எழுத்து நிமிடத்துக்கு.

குடவாசல்:
ஓடிவிட்டது சார். ஆனால் ஷீட் பெயரைத் தமிழில் எழுதினால் மேக்ரோவில் ???? என்று மாறுகிறது.

வெண்ணாறு:
மேக்ரோ எழுதும் விபிஏ எடிட்டருக்கு யூனிகோடு தமிழ் ஒத்துவராது. பெயரை ஒரு செல்லில் வைத்து அங்கிருந்து படியுங்கள். மெர்ஜுக்கு முன் எக்செலை சேவ் செய்யுங்கள். டிஸ்கில் இருப்பதுதான் கடிதத்துக்கு வரும். எரர் வந்தாலும், வேர்டை மூடும் ‘க்விட்’ கட்டளை ஓடும்படி எழுதுங்கள். இல்லையென்றால் வேர்டு கண்ணுக்குத் தெரியாமல் டாஸ்க் மேனேஜரில் உட்கார்ந்துகொண்டு, மாதிரிக் கோப்பைப் பூட்டி வைத்திருக்கும்.