அம்மாவின் முடக்குவாதம்: எதிர்ப்புச் சக்தி குறைந்ததா, கூடியதா?

கேள்வி: உப்புவெளி மகள்

அனைவருக்கும் வணக்கம். ஐம்பத்தாறு வயதான என் அம்மாவுக்கு முடக்குவாதம், அதாவது ரூமற்றோயிட் ஆர்த்ரைற்றிஸ், என்று ஏழு மாதங்களுக்கு முன்னர் உறுதிப்படுத்தினார்கள். காலையில் எழுந்து ஒன்றரை மணி நேரமாவது அவருடைய விரல்கள் மடங்குவதில்லை. இடியப்ப உரலை விரல்களால் பிடித்துப் பிழிய முடியாமல், இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்து உடம்பின் பாரத்தால் அழுத்துகிறார். பத்து மணிக்குப் பிறகு அதே கைகள் ஓரளவு இலகுவாகிவிடுகின்றன.

உடலைக் காக்க வேண்டிய கலங்களே மூட்டைத் தாக்குகின்றன என்று விளக்கிய வைத்தியர், வாரம் ஒருமுறை எடுக்கும்படி மெதோட்ரெக்ஸேட் தந்திருக்கிறார். உறவினர்களோ, எதிர்ப்புச் சக்தி குறைந்ததால்தான் இந்த வருத்தம் வந்தது, அதை மேலும் குறைக்கிற மருந்து எதற்கு என்கிறார்கள். அம்மாவும் மருந்தை நிறுத்திவிடும் எண்ணத்தில் இருக்கிறார். உண்மையில் மூட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்

மகள், குறைந்ததா கூடியதா என்று கேட்பதைவிட, அந்தக் கலங்கள் எதை அந்நியம் என்று கருதுகின்றன என்று கேட்பதே பொருத்தம். உடலின் சில புரதங்களில் ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் சிற்றுலினாக மாறுவதுண்டு. புகைத்தலாலும் ஈறு நோயாலும் இம்மாற்றம் அதிகரிக்கிறது. பரம்பரையாக அதற்கு ஏதுவான மரபணு அமைந்தவர்களில், மாறிய புரதத்தை வெண்குருதிக் கலங்களில் ஒரு வகையான ரி கலங்கள் அந்நியப் பொருளாக எடுத்துக்கொண்டு, இன்னொரு வகையான பி கலங்களைத் தூண்ட, அவை நம்முடைய புரதத்துக்கே எதிரான பிறபொருளெதிரிகளைச் சுரக்கின்றன. அம்மாவின் குருதியில் பார்த்திருக்கக்கூடிய அன்ரி-சிசிபி பரிசோதனை தேடுவது இவற்றைத்தான். மூட்டு வலி தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இவை குருதியில் தோன்றிவிடலாம் என்பதால், அம்மா அண்மையில் உண்ட எதுவோ செய்த எதுவோ இதற்குக் காரணம் என்று அவர் மனம் வருந்த வேண்டியதில்லை.

மூட்டின் உட்புறத்தை மூடியிருக்கும் மென்சவ்வின் உள்வரிசை, சுகமாக இருக்கும்போது ஓரிரண்டு கலங்களின் தடிப்பு மட்டுமே கொண்டது. இந்நோயில் ரி கலங்களும் பி கலங்களும், கிருமிகளை விழுங்கும் கலங்களான பெருவிழுங்கிகளும் அங்கே குவிவதாலும், சவ்வின் சொந்தக் கலங்களே பெருகுவதாலும், அது தடித்துக் குருத்தெலும்பின் மேல் படர்ந்து அதை அரிக்கிறது. வீங்கிய முழங்காலிலிருந்து எடுத்த நீரை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பெரும்பாலும் நியூட்ரோபில்கள் என்னும் வெண்குருதிக் கலங்களே தெரியும். ரி கலங்களோ சவ்வுக்குள்தான் திரண்டு நிற்கும். இவற்றோடு என்பைக் கரைக்கும் கலங்களும் சேர்கின்றன. பெருவிழுங்கிகள் எந்தக் கலவழியில் பிறக்கின்றனவோ அதே வழியில் பிறப்பவை இவை. அழற்சியடைந்த சவ்விலிருந்து வரும் சமிக்ஞைகளால் இவை பெருகி என்பின் ஓரத்தைத் தின்னத் தொடங்குவதால் ஏற்படும் பள்ளங்கள்தான் எக்ஸ்றே படத்தில் தெரிகின்றன. ஒருமுறை விழுந்த பள்ளம் பெரும்பாலும் தூர்வதில்லை என்பதால் மருந்தை நிறுத்துவதைப் பற்றி எனக்கு மிகுந்த கவலை உண்டு.

காலை இறுக்கத்துக்கும் காரணம் இருக்கிறது. பெருவிழுங்கிகளும் சவ்வுக் கலங்களும் சுரக்கும் இன்ரலூக்கின்-6 என்னும் அழற்சியைத் தூண்டும் புரதம் இரவின் பிற்பகுதியில் உயர்ந்து விடிகாலையில் உச்சம் தொடுகிறது. இடியப்பம் பிழியும் வேளைதான் அம்மாவுக்கு மிகக் கடினமான வேளை. அந்த வேலையை முடிந்தால் மாலைக்கு மாற்றிக் கொடுங்கள்.

பதில்: கன்னியா வீதி வாசகி

தங்கச்சி, பதினொரு வருடங்களாக இந்த நோயோடு வாழ்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். நானும் முதல் வருடம் மருந்தை விட்டுவிட்டுக் கன்னியா வெந்நீரூற்றுக்கு வாரந்தோறும் போனேன். வெந்நீர் இறுக்கத்தைத் தளர்த்தியது உண்மை. ஆனால் சவ்வுக்குள் இருந்த அழற்சியை அது தொடவில்லை, என் வலது மணிக்கட்டு அந்த ஒரு வருடத்தில்தான் கோணியது. குளிப்பதை அம்மா தொடரட்டும், குளிசையையும் தொடரட்டும். மெதோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரு நாளுக்குரியது. மறந்தும் தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. நான் வெள்ளிக்கிழமையைக் கலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். போலிக் அமிலத்தை வைத்தியர் சொன்ன நாளில் கொடுங்கள், குருதிப் பரிசோதனைத் திகதிகளையும் தவறவிடாதீர்கள்.

உப்புவெளி மகள்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இதை அப்படியே அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மணிக்கட்டுக் கதையைக் கேட்டதும் குளிசைப் பெட்டியைத் தானே எடுத்து வைத்தார். இன்னும் ஒரு சந்தேகம். இந்த மருந்து போதாவிட்டால் ரிஎன்எஃப் என்பதைத் தடுக்கும் ஊசி போடலாம் என்றும், அதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை வேண்டும் என்றும் சொன்னார்கள். அம்மாவுக்கு இருமலே இல்லையே?

பதில்: ஓய்வுபெற்ற ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்

பெருவிழுங்கிகள் பெருமளவில் சுரக்கும் ரிஎன்எஃப் என்ற புரதமே மூட்டழற்சியை முன்னின்று நடத்துகிறது என்று கண்ட மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும், 1992இல் இலண்டனில் அதைத் தடுக்கும் மருந்தை முதன்முதலாக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்னர் பி கலங்களை அகற்றும் மருந்தும், ரி கலங்கள் தூண்டப்படுவதைத் தடுக்கும் மருந்தும், இன்ரலூக்கின்-6ஐ மறிக்கும் மருந்தும் வந்தன. ஒருவருக்கு உதவாத ஊசி மற்றவருக்கு உதவுவதற்கு, எல்லோருடைய மூட்டிலும் ஒரே கலம் முன்னணியில் நிற்காததும் ஒரு காரணம்.

ஆனால் அதே ரிஎன்எஃப் உடலில் ஒரு நல்ல வேலையும் செய்கிறது. எப்போதோ நுரையீரலுக்குள் புகுந்து உறங்கும் காசநோய்க் கிருமியைப் பெருவிழுங்கிகள் சூழ்ந்து மதில் போல அடைத்து வைத்திருக்கின்றன. அந்த மதில் நிலைத்திருக்க ரிஎன்எஃப் தேவை. ஊசியால் அதைத் தடுத்தால் மதில் தளர்ந்து கிருமி வெளிப்படலாம். உறங்கும் கிருமியால் இருமல் வராது என்பதால், அம்மாவுக்கு இருமல் இல்லாவிட்டாலும் நெஞ்சு எக்ஸ்றேயும் மான்ரூ என்னும் தோல் பரிசோதனையும் கேட்பார்கள். கிருமி இருப்பதாகத் தெரிந்தால் முதலில் அதற்குரிய மருந்தைத் தொடங்கி, அதன் பிறகே ஊசிக்குப் போவார்கள்.